டாக்டர் ரெஜினா மறக்காத சுவிட்ச்

டாக்டர் ரெஜினா இறந்துபோன செய்தி என் சட்டைப்பையில் இரண்டு நாள் கிடந்தது. எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் கைப்பேசி முனகியது. எடுத்துப் பார்த்தேன். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு வெள்ளைப் பூ, கீழே நாலு வரி எழுத்து. யாராவது தினமும் அனுப்பும் காலை வணக்கப் படமாக இருக்கும் என்று மூடிவிட்டேன். நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். சனிக்கிழமை என் மருமகள் கலா எதையோ தேட என் கைப்பேசியை வாங்கினாள். "மாமா, ரெஜினான்னு போட்டிருக்கு. உங்க டாக்டரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு படித்துச் சொன்னாள். மாரடைப்பு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஊரான பாலோவின் தேவாலயத்தில் பூசை, அதன் பிறகு அடக்கம். அந்தப் பத்து மணிக்கு நான் தம்போயில் ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தேன்.

டாக்டரின் தம்பி சேவியர் இந்த நினைவு மலரைத் தொகுக்கிறார். இதில் பேராசிரியர்கள் எழுதுவார்கள், அவரிடம் படித்தவர்கள் எழுதுவார்கள். நான் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி கழுவியவன். நான் சொல்லச் சொல்லக் கலா எழுதுகிறாள். பேச்சைச் சீராக்கிக்கொள், சொன்ன விஷயத்தை மட்டும் மெலிதாக்காதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜோகூர் பாருவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு கல்விக்கூடத்தில் அவருக்கு ஓர் ஆய்வறை இருந்தது. நான் குத்தகை நிறுவனத்தின் ஆள். குப்பிகளைக் கழுவி அவித்து அடுக்குவது, குப்பையைக் கட்டி வெளியே வைப்பது என் வேலை. பதினொரு வருடம் அங்கே இருந்தேன். அவர் என்னை அண்ணே என்பார், நான் டாக்டர் என்பேன். பாலோ பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அப்பா தோட்டத்து மருந்தகத்தில் டிரசராக இருந்து மூன்று தலைமுறைக்கு ஊசி போட்டவர். ஊசியை எத்தனை நிமிடம் அவிக்க வேண்டும் என்று அப்பாவிடம்தான் கற்றதாகச் சொல்லி, என் அவிக்கும் பானையைத் தினமும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அது நாற்பது வருடமாக நான் பழகிய வித்தை. காலையில் ஒரு நாளிதழை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவேன். குப்பிகளை மூடியின் நிறத்தால் அடையாளம் வைத்திருந்தேன். காதால் ஒருமுறை கேட்டதை மறக்க மாட்டேன். எந்தத் தட்டு எந்த மாதம் எந்தப் பலகையில் இருந்தது என்று மாணவர்களே என்னிடம் வந்து கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

அவருடைய வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது என் மனைவிக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தபோதுதான். தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்பில் அந்த மாதம் கொசுவுக்குப் புகையடிக்கும் வண்டி வராத வாரம் இல்லை. ஆஸ்பத்திரியில் ராஜம்மாவுக்கு நரம்பில் நீர் ஏற்றினார்கள், தண்ணீர் குடி என்றார்கள், அவ்வளவுதான். டிங்கிக்கென்று மருந்து கிடையாது என்றார் அங்கிருந்த மருத்துவர். மறுநாள் வேலைக்கு வந்து டாக்டரிடம் கோபமாகவே கேட்டேன். தலைவலிக்கு நாலு நிறத்தில் மாத்திரை இருக்கிறது, இதற்கு ஒன்று இல்லையா என்று. அவர் மேசை இழுப்பறையிலிருந்து கைப்பிடி அளவில் ஒரு நெகிழி உருண்டையை எடுத்துக் கொடுத்தார். கரடுமுரடாக, இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தது.

"நடுவுல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க அண்ணே. விரல வைங்க. அதான் அதோட வாய்."

அந்தக் கிருமி நம் உடம்புக்குள் புகுந்ததும் ஒரே நீளக் கயிறாகத் தன் சாமான்களைச் செய்துகொள்ளுமாம். கயிறாக இருக்கும்வரை அதனால் ஒன்றும் ஆகாது. அதைத் துண்டு துண்டாக நறுக்க அதனிடமே ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. அதற்கு என்சைம் என்று பெயர். தமிழில் நொதி என்பார்கள் என்று கலா சொல்கிறாள். நான் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கத்தரிக்கோல் மாதிரி இல்லை, பாக்குவெட்டி மாதிரி இருக்கிறது என்றேன். டாக்டர் சிரித்தார். அப்படியானால் நம் வேலை வெட்ட முடியாத ஒரு பாக்கைச் செய்து அந்த வாயில் திணிப்பது என்றார். வாய் மூடாது, கயிறு துண்டாகாது, கிருமி பெருகாது. ஆனால் வாயின் அளவு சரியாகத் தெரியாமல் பாக்கைச் செய்ய முடியாது. அன்றிலிருந்து மாணவர்களுக்கு விளக்கும்போதும் பாக்குவெட்டி என்றே சொல்ல ஆரம்பித்தார். மூவாரிலிருந்து வந்து படித்த ஹஸ்லினா என்ற மலாய்ப் பெண்ணுக்கு அது விளங்குவதற்காக ஒருநாள் நிஜப் பாக்குவெட்டியையே கொண்டுவந்து காட்டினார்.

அந்த வாயைக் கண்ணால் பார்க்க முடியாது. பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. அதற்காகத்தான் படிகம் வளர்த்தார்கள். நொதியைத் தனியாகப் பிரித்து, உப்புத் தண்ணீரோடு சேர்த்து, சிறு சிறு குழிகள் உள்ள தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்து மூடிவிடுவார்கள். நூறு தட்டு போட்டால் ஒன்றில் ஏதாவது முளைக்கும். பல மாதம் ஒன்றிலும் முளைக்காது. ஒருநாள் டாக்டர் ஓடிவந்து, கையுறையைக்கூடக் கழற்றவிடாமல் என்னை இழுத்துக்கொண்டு போய் உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னார். பொடிக் கற்கண்டு மாதிரி ஒன்று மினுங்கியது.

"அதுக்குள்ள நம்ம பாக்குவெட்டி கோடிக்கணக்குல நிக்குது அண்ணே. ஸ்கூல் அசெம்பிளியில புள்ளைங்க நிக்கிற மாதிரி, வரிசை பிசகாம."

வரிசையாக நிற்பதால்தான் அதன் மீது ஒளியைப் பாய்ச்சினால் உருவம் கிடைக்குமாம். அந்த ஒளி வெளிநாட்டில், ஒரு பந்தயத் திடல் அளவுக்கு வட்டமாகக் கட்டிய இயந்திரத்தில் இருக்கிறது. அதில் நேரம் கேட்டு எழுதிப்போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த முறை இன்னொரு விஷயமும் இருந்தது. அவர்கள் புதிதாகச் செய்த ஒரு பாக்கு அந்தப் படிகத்துக்குள்ளேயே, வாயில் உட்கார்ந்த நிலையில் இருந்தது. அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் அடுத்ததை இன்னும் பொருத்தமாகச் செய்யலாம். ஒளிக்கு நேரம் கிடைத்துவிட்டது. மூன்று வாரத்தில் பயணம்.

அந்தத் தட்டுகளை வைக்கத்தான் புதிய அலமாரி வந்தது. ஆள் உயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே மங்கலாக ஒரு விளக்கு. வந்த அன்று டாக்டர் ஏதோ கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். போகிற போக்கில் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி கதவில் ஒட்டிவிடுங்கள் அண்ணே என்றார். சரி டாக்டர் என்றேன். கோணாமல் அளவெடுத்து, நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினேன். தலைகீழாக ஒட்டவில்லை என்று எனக்கே தெரியும், ஏனென்றால் அவர் கையெழுத்து கீழே இருந்தது. அவர் கையெழுத்தின் சுழி எனக்குப் பழக்கம். மற்றபடி அந்தத் தாள் எனக்கு வெறும் தாள்தான்.

தினமும் காலையில் அவர் அந்தக் கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். ஒன்றையும் தொட மாட்டார். இத்தனை நாளாக ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களே என்று ஒருமுறை கேலியாகக் கேட்டேன். "பொறுமையா இருக்கிறது வேற, சும்மா இருக்கிறது வேற அண்ணே" என்றார். அப்போது அது எனக்கு ஒரு பேச்சாகத்தான் பட்டது.

இனி ஆயுத பூசையைச் சொல்ல வேண்டும். தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை செய்த காலத்திலிருந்து எனக்கு அந்த வழக்கம் உண்டு. ஆய்வறைக்கு வந்த முதல் வருடமே டாக்டரிடம் கேட்டேன். அவர் கத்தோலிக்கர். தயங்குவார் என்று நினைத்தேன். "கடலை உண்டா?" என்றுதான் கேட்டார். சூடம் ஏற்றக் கூடாது, கூரையில் இருக்கும் கருவி கத்தும் என்று ஒரே ஒரு நிபந்தனை. அதனால் தீபாவளிக் கடையில் வாங்கிய பேட்டரி விளக்கைத்தான் சுற்றுவேன். இயந்திரங்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அணைத்து ஓய்வு கொடுப்பேன். அப்போது ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. வியாழன் மாலை அணைத்தால் ஞாயிறு காலை நானே வந்து போடுவேன். எதையெல்லாம் அணைக்கலாம் என்று முதல் வருடமே வாயால் கேட்டு வைத்திருந்தேன். அது ஒன்றும் பிசகியதில்லை.

"அண்ணே, இந்த மெஷின் ஜெர்மன்காரன். சந்தனம் ஒத்துக்குமா?" என்று டாக்டர் ஒருமுறை கிண்டல் செய்தார். எங்கள் ஆலையில் ரப்பர் பிழிந்த இயந்திரமும் வெள்ளைக்காரன்தான், வருடா வருடம் பொட்டு வைத்துக்கொண்டது என்றேன். ஹஸ்லினா தன் கால்குலேட்டரையும் கொண்டுவந்து வரிசையில் வைத்தாள். இதற்கும் வையுங்கள் பாக்சிக், பரீட்சை வருகிறது என்றாள். பாக்சிக் என்றால் மலாயில் மாமா. எல்லாரும் நின்று கடலை தின்போம்.

அந்த வருடம் பூசை வெள்ளிக்கிழமை விழுந்தது. டாக்டர் வியாழன் காலையே கோலாலம்பூருக்குக் கிளம்பிவிட்டார். பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொண்டதால் மாணவர்கள் மதியமே ஊர்களுக்குப் போய்விட்டார்கள். நான் தனியாகத் துடைத்தேன், தனியாகப் பொட்டு வைத்தேன். புதிய அலமாரிக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டாக வைத்தேன். டாக்டர் தினமும் நின்று பார்க்கும் அலமாரி அல்லவா. வந்த நாளிலிருந்து ஓயாமல் ஓடியது, அதற்கும் இரண்டு நாள் ஓய்வு வேண்டாமா என்று நினைத்தேன். உறைபெட்டியை அணைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், அணைத்தால் மீன் கெடுவது போல உள்ளே இருப்பது கெடும். ஆனால் இதன் கதவருகே கையை வைத்துப் பார்த்தேன். குளிரவே இல்லை. ஏர்கான் அறை மாதிரி இதமாக இருந்தது. இதில் கெட என்ன இருக்கிறது என்று முடிவு செய்தேன். பேட்டரி விளக்கை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, சுவிட்சை அணைத்தேன். நான் ஒட்டிய தாள் என் முகத்துக்கு நேராக இருந்தது.

பதினெட்டு டிகிரி. அதற்கு மேலும் போகக் கூடாது, கீழும் போகக் கூடாது. ஒரு கணமும் மாறாத அந்தப் பதினெட்டில்தான் படிகம் நிற்கும். அறையின் ஏர்கானும் விடுமுறையில் ஓடாது. ஜோகூர் வெயிலில் பூட்டிய அறை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் போனபோது கதவு திறந்திருந்தது. டாக்டர் எனக்கு முன்னால் வந்திருந்தார். அலமாரி ஓடிக்கொண்டிருந்தது, அவரே போட்டிருக்கிறார். ஈரத் துணியால் அலமாரியின் மேல் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தனம் காய்ந்து போயிருந்ததால் நகத்தால் சுரண்டிச் சுரண்டித் துடைத்தார். மற்ற இயந்திரங்களின் பொட்டுகளை அவர் தொடவில்லை. அதை மட்டும் துடைத்தார். பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உருப்பெருக்கியில் பார்த்து, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். கடைசித் தட்டையும் வைத்தபின் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினார். ஒரு வேலை முற்றாக முடிந்தால்தான் அவர் அப்படிச் செய்வார். நான் நடைவழியிலேயே நின்றுவிட்டு, சத்தம் காட்டாமல் கழுவும் அறைக்குப் போய்விட்டேன்.

பத்து மணிக்குத் துறைத் தலைவர் இறங்கி வந்தார். மாணவர்கள் சுவரோரம் நின்றார்கள். ஹஸ்லினா அழுதுகொண்டிருந்தாள். இத்தனை பெரிதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறதே என்று சொல்லி, தலைவர் அதை எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் படித்தார். எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது, அசைக்கக் கூடாது. நான் ஒட்டியது என்னவென்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அணைத்தது யார் என்று அவர் கேட்டார்.

டாக்டர், "சாலா சாயா" என்றார். என் தப்பு. கோலாலம்பூருக்குக் கிளம்பிய அவசரத்தில், பக்கத்து இயந்திரம் என்று நினைத்து இதன் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறேன், மறந்துவிட்டேன் என்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். ஐந்தடி தூரம். வாயைத் திறந்திருக்கலாம்.

திறக்கவில்லை. என்னுடையது குத்தகை வேலை, ஒரு புகார் போதும், அதற்குத்தான் பயந்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நான் சொல்லியிருந்தால், ஒட்டியவன் நீதானே, படித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டிருப்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். என் கக்கத்து நாளிதழைக் காப்பாற்றிக்கொள்ள அவருடைய பெயரைக் கொடுத்துவிட்டேன்.

பிறகு நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். ஒளிக்கு வாங்கிய நேரம் வேறு யாருக்கோ போயிற்று. வருட முடிவில் ஆராய்ச்சிக்கான உதவியை மேலே இருந்தவர்கள் நீட்டிக்கவில்லை. பெரிய அறையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். இரண்டு மாணவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். டாக்டருக்கு ஒரு மூலையும் ஒரு மேசையும் அந்த அலமாரியும் மிஞ்சின. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என் கையில் ஒரு தாளையும் கொடுத்ததில்லை. என்ன சொல்ல வேண்டுமானாலும் கழுவும் அறைக்கு நடந்து வந்து வாயால் சொன்னார். பாதுகாப்புப் பயிற்சி என்று ஒருநாள் எல்லாரும் படிவம் நிரப்ப வேண்டி வந்தது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணனுக்குக் கையில் காயம், அவர் சொல்லட்டும், நான் எழுதுகிறேன் என்று அதிகாரியிடம் சொன்னார். காயமே இல்லாத என் கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். எனக்காக அவர் சொன்ன இரண்டாவது பொய் அது.

மூன்று வருடம் கழித்து அந்த மூலையிலேயே மறுபடி படிகம் வளர்த்தார். போய் ஒளியும் பாய்ச்சிவிட்டு வந்தார். கணினியில் படத்தைக் காட்டினார். நொதியின் வாய் தெரிந்தது, அதற்குள் சின்னதாக ஒன்று தெரிந்தது. "பாக்கு கோணலா உக்காந்திருக்கு அண்ணே. ஆனா உக்காந்திருக்கு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதை நேராக்கும் வேலையைத்தான் கடைசிவரை செய்துகொண்டிருந்தார். இப்போது ஹஸ்லினா செய்கிறாள். மருந்து இன்னும் வரவில்லை. வரும் என்றும் வராது என்றும் சொல்ல எனக்கு அறிவில்லை. நடுவில் போன மூன்று வருடம் மட்டும் யாரால் போனது என்று எனக்குத் தெரியும்.

நான் வேலையை விட்டு நின்ற நாளில், தனியாக இருந்த நேரம் பார்த்து, டாக்டர், அந்த அலமாரி என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதுக்கப்புறம் எத்தனை தட்டு போட்டாச்சுண்ணே. விடுங்க" என்றார். விடுங்க என்று அவர் சொன்னது எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்ததை. நான் அதை ஊருக்கெல்லாம் சேர்த்துக் கொடுத்த அனுமதியாக எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அடக்கத்துக்குப் போகாதவன் அஞ்சலிக் கூட்டத்துக்காவது போனேன். தம்போய் மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். மேடையில் ஒரு பெரியவர் அவரை நிறையப் புகழ்ந்தார். கடைசியில், இத்தனை திறமைசாலியும் ஒருமுறை ஒரு சுவிட்சை மறந்தார், மறதி யாரையும் விடாது என்பதற்கு அது நமக்கெல்லாம் பாடம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கூட்டத்தில் சிலர் பரிவாகச் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த ஹஸ்லினா, இப்போது அவளும் டாக்டர்தான், மெல்லிய குரலில் மலாயில் சொன்னாள். டாக்டர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை பாக்சிக், எனக்கு இன்றுவரை நம்ப முடியவில்லை என்றாள். எழுந்திருக்க முழங்காலில் கையை ஊன்றினேன். ஊன்றியபடியே உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்து காப்பி கொடுத்தார்கள். குடித்தேன்.

மறுவாரம் லார்க்கினில் பஸ் ஏறி குளுவாங் போய், அங்கிருந்து பாலோவுக்குப் போனேன். சேவியர் பள்ளிக்கூட வாத்தியார். நினைவு மலருக்கு நாலு வார்த்தை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து, தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் உங்களுக்குச் சொன்ன அதே வரிசையில் அவரிடம் சொன்னேன். பாதியிலேயே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். முடித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"எங்கப்பா டிரசர். மருந்து அலமாரி சாவிய ஒருநாள் மறந்தவரு இல்ல. அவரு சாகுற வரைக்கும் அக்காவ இத வச்சே பேசினாரு அண்ணே. இவ்வளோ படிச்சி ஒரு சுவிச்ச பாக்கத் தெரியலயேன்னு. வீட்டுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. அக்கா எதுத்து ஒரு வார்த்தை பேசாது. சிரிச்சிக்கிட்டே அவருக்குச் சோறு போடும்."

அப்பாவிடம்கூட அவர் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எத்தனை பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்தேன் என்று ஒரு கணக்கு என் மனசில் இருந்தது. அதில் அவருடைய அப்பா இல்லை.

"எனக்கு உங்க மேல கோவம் வருது அண்ணே. வரலன்னு சொன்னா பொய்யி" என்றார் சேவியர்.

"வரணும் தம்பி" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "அம்மா உள்ளதான் இருக்காங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. காது மந்தம், சத்தமா சொல்லணும்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். காதோரம் குனிந்து சொன்னேன். கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அரிசி வாங்கிட்டு வந்தியா என்று கேட்டார். ஒன்பது வருடம் கிசுகிசுப்பாகக்கூட வெளியே விடாததை நான் அந்த வீட்டில் நின்று கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் படிக்கத் தெரியாது அம்மா, சுவிச்ச அணைச்சது நான்தான், உங்க மக இல்ல. மூன்று முறை கத்தினேன்.

மூன்றாவது முறை அவர் விரல் நின்றது.

"அப்ப எம்மவ மறக்கலயா?"

"மறக்கலம்மா."

"அவ அப்பாகிட்ட சொல்லு" என்றார். சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. வெள்ளைச் சட்டையும், பையில் பேனாவுமாக இருந்தார். நான் அதன் முன்னால் போய் நின்று சொன்னேன். அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்பதால் அதையும் கத்தித்தான் சொன்னேன். அம்மா அந்தப் படத்தைப் பார்த்து, "கேட்டீங்களா" என்றார். அது எனக்குச் சொன்னதில்லை.

புறப்படும்போது சேவியர், மலரில் உங்கள் பெயரைப் போடாமல் ஓர் ஊழியர் என்று மட்டும் போடலாம் என்றார். அவர் அக்காவின் தம்பி, அப்படித்தான் சொல்வார். வேண்டாம் என்றேன்.

டாக்டரிடமிருந்து ஆளுக்கொன்று எடுத்து வைத்திருப்பீர்கள். சிலருக்கு அவர் தந்த படிப்பு, சிலருக்கு அவர் தொடங்கிய வேலை. அவர் ஒன்பது வருடம் தன் பெயரில் வைத்திருந்த ஒரு தப்பு இருக்கிறது. எனக்கு அது போதும். அவர் கையிலிருந்து அதை வாங்கியிருக்க வேண்டியவன் நான். உயிரோடு இருந்தபோது வாங்கவில்லை. இப்போது எடுத்துக்கொள்கிறேன், இனி அது என்னிடமே இருக்கும். வகுப்பிலோ மேடையிலோ அந்த அலமாரியைப் பற்றி யாராவது பேச வேண்டி வந்தால், டாக்டர் ரெஜினா மறந்தார் என்று சொல்லாதீர்கள். தம்போய் பெருமாள் அணைத்தான் என்று சொல்லுங்கள்.